இயந்திரம் வந்துவிட்டது, இனி நிரலைக் கவனியுங்கள்: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

புவி அறிவியல் அமைச்சகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், புனேயிலும் நொய்டாவிலும் காலநிலை மாடல்களை உருவாக்கி ஓட்டும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

2024 செப்டம்பர் 26ஆம் தேதி அர்கா, அருணிகா என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பிரதமர் தொடங்கி வைத்தார். புனேயில் அர்கா, 11.77 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள்). நொய்டாவில் அருணிகா, 8.24 பெட்டாஃப்ளாப். இது போக ஏஐ வேலைகளுக்கென்று 1.9 பெட்டாஃப்ளாப்பில் தனியாக ஒன்று. மொத்தம் 850 கோடி ரூபாய். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் பத்து வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட இயந்திரங்களில் மற்றவர்களின் நிரலை, அதாவது கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை, பிரித்துப் பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்று தேடி, அதைச் சரிசெய்வதுதான் என் தொழில். சந்தோஷம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி வந்தது. இந்த இயந்திரங்களில் ஓடப்போகும் மாடல்களை வேகப்படுத்துவதை மட்டுமே முழுநேர வேலையாகச் செய்ய எத்தனை பேருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கப்போகிறோம்? அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

என் ஊர் திருச்செந்தூர் பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, நனைந்த அரிசி மூட்டைகளை வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி என்னிடம் கேட்டார்: "ஏலே, நீ ஏதோ மழைக் கம்ப்யூட்டர்லதான வேலை பாக்க, இனி வருசா வருசம் இப்படித்தான் ஊத்துமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உலகம் சூடாகும்போது காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், பெய்தால் பேய்மழையாகப் பெய்யும் வாய்ப்பு கூடும் என்று பொதுவாகச் சொல்லலாம், சொன்னேன். சித்தி கேட்டது பொதுவான கேள்வி இல்லை. இந்தக் கடற்கரையைப் பற்றி, இந்த ஆற்றைப் பற்றி, இன்னும் 30 வருடத்தைப் பற்றி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் கருவிதான் புவி அமைப்பு மாடல். காற்று, கடல், நிலம், பனி, கடலுக்குள் நடக்கும் உயிர்வேதியியல் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நூற்றாண்டுக்கு ஓட்டிப் பார்க்கும் நிரல். நம்மிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய மாடல் அது. ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைக்குத் தரவு தந்த, பல நாட்டு மாடல்களை ஒரே சோதனைகளில் ஓட்டிப் பார்க்கும் சிமிப்6 ஒப்பீட்டில் அதன் இரண்டாம் பதிப்பு பங்கேற்றது. மாடல் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரியை வைத்துக் கணக்கிடும்; அதில் காற்று மண்டலத்தின் கட்டம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 130 கிலோமீட்டர்தான். அதாவது அரபிக்கடல் ஓரம், அகத்தியமலை, தாமிரபரணிச் சமவெளி, மன்னார் வளைகுடா எல்லாம் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை அந்தச் சராசரியில் ஒரு மேடாகக்கூட மிஞ்சாது. மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழையும் கிழக்கே அதே மாதங்களில் காயும் மண்ணும் அந்த மாடலுக்கு ஒரே இடம்தான். குற்றாலச் சாரல் எங்கிருந்து வருகிறது என்று அதனிடம் கேட்க முடியாது.

இது புனே விஞ்ஞானிகளின் குறை இல்லை, அதை அழுத்தமாகச் சொல்கிறேன். உலகம் முழுக்க அந்தத் தலைமுறை மாடல்கள் பலவும் 100, 200 கிலோமீட்டர் அளவில்தான் ஓடின. காரணம் கணக்கு. கட்டத்தைப் பாதியாக்கினால் கிழக்கு மேற்காக இரண்டு மடங்கு, வடக்கு தெற்காக இரண்டு மடங்கு கட்டங்கள் வரும். அதோடு ஒரு தடவையில் கணக்கைத் தாண்ட வைக்கும் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஒரே தாவலில் கட்டத்தையே கடந்து போய் கணக்கு வெடித்துவிடும். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணிதவியலாளர்கள் 1928லேயே சொல்லிவிட்டுப் போன கட்டுப்பாடு இது. ஆக, கட்டம் பாதியானால் செலவு 8 மடங்கு, உயர அடுக்குகளையும் கூட்டினால் இன்னும் மேலே. 200லிருந்து 100, 50, 25, 12.5 என்று நான்கு தடவை பாதியாக்க 8ஐ நான்கு முறை பெருக்குங்கள், 4,096 மடங்கு.

இப்போது நம் இயந்திரங்களைப் பாருங்கள். 2018ல் வந்த ப்ரத்யூஷ் 4.0, மிஹிர் 2.8, சேர்த்து 6.8 பெட்டாஃப்ளாப். 2024ல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 22. ஆறு வருடத்தில், 850 கோடியில், மூன்று மடங்குக்குச் சற்று மேல். கட்டத்தை ஒரே ஒரு தடவை பாதியாக்கவே 8 மடங்கு வேண்டும்! வேறு எதுவும் மாறாமல், கூடுதல் சக்தி முழுவதையும் கட்டத்தைச் சிறிதாக்குவதற்கே கொடுத்தாலும் 200 கிலோமீட்டர் சுமார் 135 கிலோமீட்டர் ஆகும், அவ்வளவுதான். அகத்தியமலை அப்போதும் தெரியாது. இயந்திரம் வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இயந்திரத்தை மட்டுமே வாங்கி இந்தத் தூரத்தைக் கடக்க முடியாது என்று சொல்கிறேன், கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

மீதித் தூரம் நிரலுக்குள் இருக்கிறது. இதை நான் நம்பிக்கையாகச் சொல்லக் காரணம், அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெட்டாஃப்ளாப் என்று நாம் செய்தியில் போடும் எண் அந்த இயந்திரத்தின் உச்ச வேகம். காலநிலை மாடல்கள் அந்த உச்சத்தில் சில சதவீதத்தைத் தொடுவதே வழக்கம். ஏன் என்றால், மாடலில் கணக்கு குறைவு, தரவை எடுத்துவருவது அதிகம். கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து சமையல்காரர்கள் கத்தியோடு தயாராக நிற்கிறார்கள், ஸ்டோர் ரூமிலிருந்து காய் எடுத்துவர ஒரே ஒரு பையன். நீங்கள் இன்னும் பத்து சமையல்காரர்களைக் கூட்டிவந்தால் சமையல் சீக்கிரம் முடியுமா? நினைவகத்திலிருந்து ப்ராசசருக்கு எண்கள் வரும் வழிதான் அந்தப் பையன். எந்தக் காயை எந்த வரிசையில் எடுத்து வந்தால் ஒரே நடையில் நிறைய வேலை முடியும் என்று யோசித்து லூப்களையும் வரிசைகளையும் மாற்றி அமைப்பது, ஒரே தரவை மூன்று சப்ரூட்டீன்கள் மூன்று தடவை தனித்தனியாகப் படிப்பதைச் சேர்த்து ஒன்றாக்குவது, இதெல்லாம் பொறுமையாகச் செய்ய வேண்டிய கைவேலை. முப்பது வருடமாகப் பலர் கை மாறி வந்த, ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலில் அதைச் செய்வதற்கு அந்த நிரலோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டும்.

அப்புறம் காத்திருப்பு. இதுதான் எனக்கு மனம் பொறுக்காத இடம். புவி அமைப்பு மாடலில் காற்று ஒரு பகுதி கோர்களிலும் (ப்ராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் அலகுகள்) கடல் இன்னொரு பகுதி கோர்களிலும் ஒரே நேரத்தில் ஓடும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை இரண்டும் சந்தித்து வெப்பம், ஈரம், காற்றின் இழுவை எல்லாவற்றையும் பரிமாறிக்கொள்ளும், நடுவில் கப்ளர் என்று ஒன்று அதைச் செய்துவைக்கும். காற்று முதலில் முடித்துவிட்டால் கடல் வரும்வரை அத்தனை கோர்களும் சும்மா நிற்கும், மின்சாரத்தைத் தின்றுகொண்டே. 1922ல் ஆங்கிலேய விஞ்ஞானி லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 64,000 மனிதர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து உலகத்தின் வானிலையைக் கையால் கணக்கிடுவதாகக் கற்பனை செய்தார். நடுவில் ஒரு தூணின் மேல் நிற்கும் தலைவர், முந்திப்போகும் பகுதியின் மேல் இளஞ்சிவப்பு வெளிச்சமும் பின்தங்கும் பகுதியின் மேல் நீல வெளிச்சமும் அடிப்பார், எல்லோரும் ஒரே வேகத்தில் போவதற்காக. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, ஆட்களைக் கூட்டுவது மட்டும் போதாது, அவர்களை ஒருவருக்கொருவர் காத்திருக்கவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று. அந்தத் தூணின் மேல் நிற்கும் ஆளைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வு மையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அங்கே ஓடிக்கொண்டிருந்த, காற்றையும் கடலையும் இணைக்கும் மாடல் மிக மெதுவாக இருந்தது, எல்லோரும் அது அப்படித்தான் என்று பழகியிருந்தார்கள். நானும் இன்னொரு நண்பரும் அதை ப்ரொஃபைல் செய்து, அதாவது எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பார்த்தோம். காற்றுப் பகுதி தன் நேரத்தில் கணிசமான பங்கை கடலுக்காகக் காத்திருந்தே கழித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் பழைய இயந்திரத்துக்காக யாரோ பிரித்துவைத்த கோர் எண்ணிக்கை புது இயந்திரத்திலும் அப்படியே வந்திருந்தது. முடிவுகளை டிஸ்க்கில் எழுதும் வேலை முழுவதும் ஒரே ஒரு ப்ராசஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, மற்றவை எல்லாம் அது எழுதி முடிக்கும்வரை நின்றன. கடல் மாடலில் முழுக்க முழுக்க நிலமாக இருக்கும் துண்டுகளுக்கும் கோர்கள் ஒதுக்கப்பட்டிருந்தன, சகாரா பாலைவனத்தில் கடல் நீரோட்டம் கணக்கிட ஆள் வைத்த மாதிரி. பூமியில் சுமார் 29 சதவீதம் நிலம், அந்தத் துண்டுகளை விட்டுவிடும் வசதி மாடலுக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தது, ஒருவரும் அதைப் போட்டுவிடவில்லை. நான்கு மாதம் வேலை செய்தோம். இயற்பியலில் ஒரு சமன்பாட்டைக்கூடத் தொடவில்லை. வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. புது இயந்திரம் வாங்காமல் அந்த மையத்துக்கு இன்னொரு இயந்திரம் கிடைத்த மாதிரி.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம். என் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. நண்பர் அதற்கு முன்பே தனியார் வேலைக்குப் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் இருக்கிறது. வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை எங்கே என்று கேட்டார்கள், எங்களிடம் கட்டுரை இல்லை, வேகமாக ஓடும் மாடல் மட்டும்தான் இருந்தது. அடுத்த வருடம் மாடலின் புதுப் பதிப்பு வந்தது, நாங்கள் செய்த மாற்றங்களை அதில் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லை, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இது ஒரு மையத்தின் கதையாக மட்டும் இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இந்தத் துறையில் இருக்கும் நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் இதே மாதிரி ஒன்றைக் கேட்கிறேன்.

வேகம் என்பது வசதிக்காக இல்லை, எந்த ஆய்வு நடக்கும் எது நடக்காது என்பதையே அது தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் ஒரு அளவு உண்டு: ஒரு நாள் ஓட்டினால் மாடலுக்குள் எத்தனை வருடம் கடக்கிறது என்பது. சிமிப்6ல் பங்கேற்க என்னென்ன ஓட்ட வேண்டும் என்று பாருங்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையில் குறைந்தது 500 வருடம். கார்பன் டை ஆக்சைடை ஒரேயடியாக நான்கு மடங்காக்கி 150 வருடம், வருடத்துக்கு 1 சதவீதம் கூட்டி 150 வருடம். 1850லிருந்து 2014 வரை 165 வருடம். எதிர்காலம் 2015லிருந்து 2100 வரை 86 வருடம், நான்கு பாதைகள் எடுத்தால் 344. எல்லாம் சேர்த்தால் 1,300 வருடத்தைத் தாண்டுகிறது. நாளுக்கு 3 வருடம் ஓடும் மாடலில், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால், 430 நாளுக்கு மேல். 6 வருடம் ஓடினால் ஏழு மாதத்தில் முடியும். இதற்கெல்லாம் முன்னால் ஆழ்கடல் சமநிலைக்கு வரும்வரை மாடலைச் சும்மா ஓட்டி வைக்க வேண்டும், அது நூற்றுக்கணக்கான வருடம், முழுமையாக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கு. அதில் ஒரு பிழை கண்டுபிடித்தால் மறுபடி முதலிலிருந்து.

இன்னும் நிறைய கோர்களைக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். வயலின் பரப்பை இரட்டிப்பாக்கினால் விளைச்சல் இரட்டிப்பாகும், நட்டதிலிருந்து அறுப்பு வரையான நாள் குறையாது, அதுபோலத்தான் இதுவும். மாடலில் நாளை என்பது இன்று முடிந்த பிறகுதான் தொடங்க முடியும், காலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாது. 200 கிலோமீட்டர் கட்டத்தை மேலும் மேலும் கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒரு அளவுக்கு மேல் அவை கணக்கிடும் நேரத்தைவிட ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நேரம் அதிகமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு அடியையும் வேகமாக்குவதுதான் வழி, அது நிரல் வேலை.

துல்லியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இங்கேதான் மிகப் பெரிய லாபம் மிகக் குறைந்த செலவில் கிடைத்திருக்கிறது. நம் மாடல்கள் பெரும்பாலும் ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டில் வைத்திருக்கின்றன, பதினைந்து பதினாறு இலக்கம் வரை. கடல் வெப்பநிலையை எந்த மிதவையும் அந்த அளவுக்கு அளப்பதில்லை. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம், ஆக்ஸ்ஃபோர்டில் டிம் பால்மர் போன்றவர்கள் பல வருடம் வாதாடிய பிறகு, தன் வானிலை மாடலை 32 பிட்டில் ஓட்டிப் பார்த்தது. ஓடும் நேரம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, கணிப்பின் தரம் குறையவில்லை. 2021 மே மாதம் அதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள், மிச்சமான நேரத்தை வைத்துத் தங்கள் குழுக் கணிப்பின் (சிறு மாற்றங்களோடு ஒரே கணிப்பைப் பலமுறை ஓட்டுவது) உயர அடுக்குகளை 91லிருந்து 137 ஆக்கினார்கள். பார்சிலோனாவில் இருந்து 2019ல் வந்த ஆய்வு நீமோ என்ற கடல் மாடலில் 962 மாறிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அதில் 95.8 சதவீதத்துக்கு 32 பிட் போதும் என்று காட்டியது. நினைவகத்திலிருந்து வரும் அந்த ஒற்றைப் பையன் ஒரே நடையில் இரண்டு மடங்கு காய் கொண்டுவருகிறான், காரணம் அவ்வளவுதான்.

நம் ஊர் விஞ்ஞானிகள் இதற்குத் தயங்குவது எனக்குப் புரிகிறது. 1961ல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லொரன்ஸ் தன் கம்ப்யூட்டரில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று தட்டிவிட்டு காபி குடிக்கப் போய், திரும்பி வந்து பார்த்தால் வானிலையே வேறாகியிருந்த கதையைப் படித்து வளர்ந்தவர்கள் நாம் எல்லோரும். கடைசி இலக்கம் மாறினால் மூன்று வாரம் கழித்து வேறு நாளில் மழை பெய்யும், உண்மை. ஆனால் காலநிலை என்பது அந்த ஒரு நாள் இல்லையே, முப்பது வருடச் சராசரியும் அதன் ஏற்ற இறக்கமும்தானே. மாற்றிய நிரலைப் பலமுறை ஓட்டி, அதன் புள்ளியியல் பழைய மாடலின் இயல்பான சிதறலுக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் முறைகள் இருக்கின்றன, அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் அப்படி ஒன்றைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறது. அந்தச் சோதனைத் தொகுப்பை நம் மாடலுக்காக ஒருமுறை ஒழுங்காகக் கட்டி வைத்துவிட்டால், அதன் பிறகு எந்த மாற்றத்தையும் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். பயத்தால் தொடாமல் விடப்பட்ட நிரல்தான் மெதுவான நிரலாக மிஞ்சுகிறது என்பது என் அனுபவம்.

அடுத்து ஜிபியு, அதாவது ஒரே மாதிரியான கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் சிப். சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை 2016ல் தன் கணிப்பு மாடலை முழுவதுமாக ஜிபியுவில் ஓட்டத் தொடங்கியது, ஒரு தேசிய வானிலைத் துறை அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. அதற்காக மாடலின் மையப் பகுதியை ஃபோர்ட்ரானிலிருந்து எடுத்து சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் திரும்ப எழுதினார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஸ்க்ரீம் மாடலும் அப்படித்தான், புதிதாக எழுதப்பட்டது. 3.25 கிலோமீட்டர் கட்டத்தில் உலகம் முழுவதையும், ஃப்ரான்டியர் என்ற அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டரில், நாளுக்கு 1.26 வருட வேகத்தில் ஓட்டி 2023ல் சூப்பர் கம்ப்யூட்டர் துறையின் பெரிய பரிசான, காலநிலைக்கான கோர்டன் பெல் பரிசை வாங்கியது. இடிமழை மேகங்களை ஊகமாக இல்லாமல் நேரடியாகக் கணக்கிடக்கூடிய அளவு அது, என் சித்தியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அளவும் அதுதான். இந்த இரண்டுக்கும் பின்னால் இயற்பியல் தெரிந்தவர்களும் நிரல் தெரிந்தவர்களும் ஒரே அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்த உழைப்பு இருக்கிறது. நாமும் ஒருநாள் ஜிபியு நிறைந்த பெரிய இயந்திரம் வாங்குவோம். அன்று நம் மாடல் அதில் ஓடத் தயாராக இல்லையென்றால் அதைத் தயார் செய்யவே அந்த இயந்திரத்தின் பாதி ஆயுள் போய்விடும்.

நம்மால் முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் நம் வானிலை மாடலான பாரத் முன்கணிப்பு அமைப்பைக் காட்டுவேன். 2025 மே 26ல் வெளியான அது 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டருக்கு வந்ததில் அர்காவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அதே அளவு பங்கு கட்டத்தின் வடிவத்துக்கும் உண்டு. துருவங்களுக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் புள்ளிகள் நெருக்கிக்கொள்ளாத எண்முகக் கட்ட அமைப்புக்கு மாடலை மாற்றினார்கள் புனே விஞ்ஞானிகள், அதே இயந்திர நேரத்தில் வெப்பமண்டலத்துக்கு நுட்பமான கட்டம் கிடைக்கிறது. அந்தக் குழுவுக்கு என் மனமார்ந்த பாராட்டு. நான் கேட்பதெல்லாம் வானிலை மாடலுக்குக் கிடைத்த இந்தக் கவனம் நூறு வருடம் ஓட வேண்டிய காலநிலை மாடலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் ஏஐ வானிலை மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததும், அது நொடிகளிலும் நிமிடங்களிலும் கணிப்பைத் தருவதும் பெரிய சாதனைதான், எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் அவை கற்றுக்கொண்டது கடந்த சில பத்தாண்டு வானிலையை. 2 டிகிரி, 3 டிகிரி சூடான ஒரு வங்காள விரிகுடாவை யாரும் இன்னும் அளந்ததில்லை, அதைக் கற்றுக்கொடுக்கத் தரவு வேண்டுமென்றால் அந்தத் தரவை இயற்பியல் மாடல்தான் உருவாக்கித் தர வேண்டும். ஏஐக்குப் பசி அதிகம், அதற்குச் சமைத்துப் போட வேகமான மாடல் வேண்டும்.

சரி, நான் கேட்பது என்ன?

முதலில் பணம். அடுத்த முறை இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கும்போது 100 ரூபாய்க்கு 10 ரூபாயை நிரலுக்கும் அதை எழுதுபவர்களுக்கும் என்று தனியாக எடுத்து வையுங்கள். 850 கோடியில் 85 கோடி. ஒருவருக்கு வருடம் 25 லட்சம் என்று வைத்தாலும் 30 பேருக்கு வருடத்துக்கு 7.5 கோடி, அந்தப் பணத்தில் 11 வருடம் அந்தக் குழு ஓடும், இயந்திரத்தின் ஆயுளைவிட அதிகம். அந்த 30 பேரும் மாடலை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 850 கோடி இயந்திரம் அந்த வேலைக்கு 1,700 கோடி இயந்திரம்போல நடந்துகொள்ளும். வருடக் கடைசியில் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ப்ராஜெக்ட் பதவியாக அது இருக்கக் கூடாது, விஞ்ஞானிக்கு இருப்பதுபோல நிரந்தரப் பதவியும் பதவி உயர்வும் வேண்டும், பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்காமல் மாடல் எவ்வளவு வேகமானது, எவ்வளவு பேர் அதைச் சிரமமில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும். பிரிட்டனில் 2012 முதல் ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்று இதற்கு ஒரு தனிப் பெயரே உண்டு. ஜெர்மனியில் நாட்இஎஸ்எம் என்ற தேசியத் திட்டம் இப்படிப்பட்ட பொறியாளர்களை வைத்துக்கொண்டு, எந்த மாடல் குழு உதவி கேட்டாலும் சில மாதம் அவர்களோடு உட்கார்ந்து குறிப்பிட்ட ஒரு வேலையை முடித்துக் கொடுக்கிறது. அதே ஏற்பாட்டை புனேயில் ஒரு மையக் குழுவாக வைத்து, பெங்களூரு, டெல்லி, சென்னை என்று எங்கே மாடல் வேலை நடக்கிறதோ அங்கெல்லாம் அனுப்பலாம். ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. எங்கள் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளிலிருந்தே எத்தனை திறமையான பிள்ளைகள் வருடா வருடம் வெளியே வருகிறார்கள், இப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது, அளந்து வெளியிடுங்கள். காலநிலை மாடல் விஞ்ஞானி வி. பாலாஜி தலைமையில் பல நாட்டு மாடல் குழுக்கள் சேர்ந்து 2017ல் புவி அமைப்பு மாடல்களின் உண்மையான செயல்வேகத்தை அளக்க ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டார்கள். நாளுக்கு எத்தனை வருடம், அதுவும் க்யூவில் காத்திருந்தது, இடையில் ஜாப் செத்துப்போனது எல்லாம் சேர்த்து உண்மையில் எத்தனை வருடம். மாடலுக்குள் ஒரு வருடம் கடக்க எத்தனை கோர் மணிநேரம், எத்தனை ஜூல் மின்சாரம். காற்றும் கடலும் ஒன்றுக்கொன்று காத்திருந்ததில் எவ்வளவு போனது, தரவு எழுதியதில் எவ்வளவு போனது. மின்சாரக் கணக்கை நான் தனியாகக் குறிப்பிடக் காரணம், காலநிலை மாற்றத்தை ஆராயும் இயந்திரம் ஓடுவதும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில்தான், வீணாகும் ஒவ்வொரு கோர் மணிநேரமும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

மூன்றாவது, நிரலைத் திறந்து வையுங்கள். சோதனைத் தொகுப்போடு பொது இடத்தில் இருந்தால் என்னைப் போல வெளியே இருப்பவர்கள் இரவில் உட்கார்ந்தாவது ஒரு லூப்பைச் சரிசெய்து அனுப்புவோம். மாணவர்கள் தங்கள் கடைசி வருட ப்ராஜெக்டாக ஒரு கதிர்வீச்சுப் பகுதியையோ ஒரு மேகப் பகுதியையோ எடுத்துக்கொள்வார்கள். நான் செய்த நான்கு மாத வேலை ஒரு மையத்தின் சர்வரில் தொலைந்துபோனதுபோல இன்னொருவரின் வேலை தொலையக் கூடாது.

மூன்றில் ஒன்றே ஒன்றைத்தான் இந்த வருடம் செய்ய முடியும் என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள், அதற்குப் பெரிய நிதியும் அமைச்சரவை ஒப்புதலும் தேவைப்படாது. அர்காவில் நம் புவி அமைப்பு மாடல் எத்தனை கோரில் நாளுக்கு எத்தனை வருடம் ஓடுகிறது, அதில் எவ்வளவு நேரம் காத்திருப்பில் போகிறது என்பதை ஒரு பக்க அட்டவணையாக வெளியிடுங்கள். எண் சிறியதாக இருக்குமோ என்ற சங்கடம் வேண்டாம், வேறு நாட்டுக் குழுக்களும் தங்கள் எண்ணை வெளியிட்டிருக்கிறார்கள். அந்த அட்டவணை வந்த அன்றே எந்த வரியிலிருந்து வேலையைத் தொடங்குவது என்று உட்கார்ந்து பார்க்க நான் தயாராக இருக்கிறேன், எனக்குத் தெரிந்து இன்னும் பத்துப் பேராவது தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒரு நிரலாளர்